உஃபிசியில் மூன்று மரியன்னைகள்

ஃபிளாரன்ஸ் நகரின் உஃபிசி காட்சிக்கூடத்துக்கு வருவோரில் பலர் போத்திச்செல்லியின் ஓவியங்களைத் தேடி விரைந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பாகவே வரும் 13ஆம் நூற்றாண்டுக் கூடத்தைத்தான் அந்த அருங்காட்சியகத்தின் ஆகச் சிறந்த பகுதி என்பேன். சிமாபுவே, தூச்சோ, ஜோத்தோ ஆகிய மூவரும் அந்நகரின் மூன்று வெவ்வேறு தேவாலயங்களுக்காகத் தீட்டிய, மரியன்னை குழந்தை இயேசுவோடு அரியணையில் வீற்றிருக்கும் பெரும் பலகை ஓவியங்கள் இங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

மூன்றிலும் பெரியது தூச்சோவுடையது. உயரம் சுமார் நாலரை மீட்டர். 1285இல் இதை வரையச் சொன்ன பக்திச் சபையார், ஓவியம் மனத்துக்குப் பிடிக்காவிட்டால் பணம் தர மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தனர். அன்னையின் மேலாடை விளிம்பில் நெளிந்து வளைந்து இறங்கும் மெல்லிய பொன்கோட்டை மட்டும் கண்ணால் தொடர்ந்து பார்த்தாலே, அவர்களுக்கு ஏன் பிடித்துப்போயிருக்கும் என்பது விளங்கிவிடும். சிமாபுவேயின் அன்னையோ, ஆடை மடிப்புகள் முழுவதும் பொன் இழைகள் ஓட, மண்ணுலகைச் சேராத அரசியாகத் தோன்றுகிறாள்.

பிறகு ஜோத்தோவின் முன் வந்து நிற்க வேண்டும். சுமார் 1310ஐ ஒட்டி வரையப்பட்ட இதிலும் பின்புலம் தங்க ரேக்குதான். முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம்தான். ஆனால் ஆடைக்கு அடியில் முழங்கால்கள் புடைத்துத் தெரிகின்றன. வெள்ளை உள்ளாடைக்குள் மார்பின் கனம் தெரிகிறது. குழந்தை மடியில் மிதக்காமல், தன் எடை முழுவதும் தாயின் தொடைமேல் இறங்க உட்கார்ந்திருக்கிறது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஐரோப்பிய ஓவியம் கடந்த தூரத்தை, எந்த விளக்கப் பலகையின் துணையுமின்றி, நான்கைந்து அடி நடையில் உணர்த்திவிடுகிறது இந்த அமைப்பு. 1950களில் கூடத்தைத் திருத்தியமைத்த கட்டடக் கலைஞர்கள், பழைய தேவாலயங்களை நினைவூட்டும் மரச்சட்டக் கூரையைக் கொடுத்ததும் பெரிதும் பொருந்துகிறது.

எனக்குள்ள ஒரே மனக்குறை வெளிச்சம். மெழுகுவர்த்திச் சுடரின் அசைவில் மின்னுவதற்கென்றே ஒட்டப்பட்ட தங்கம், அருங்காட்சியகத்தின் சீரான ஒளியில் சற்று உறைந்துபோகிறது. பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தபடி பார்த்தால் அந்த மினுக்கம் ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

திங்கட்கிழமை விடுமுறை. முன்பதிவு செய்துகொண்டு, காலையில் திறந்தவுடனேயே செல்வது உத்தமம். நேரம் மிஞ்சினால் ரபேலின் ‘கோல்ட்ஃபிஞ்ச் மடோனா’ என்ற மரியன்னை ஓவியத்தையும் பாருங்கள்; 16ஆம் நூற்றாண்டில் அது இருந்த வீடு இடிந்து விழுந்தபோது பல துண்டுகளாக உடைந்த அந்தப் பலகையின் நெடிய சீரமைப்பு 2008இல்தான் நிறைவடைந்தது.