சிவப்பான சி டிரைவும் எட்டு வருச லேப்டாப்பும்

2017-ல் வாங்கியது. ஏழாம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸில் 119 என்றுதான் காட்டும், டிஸ்க் செய்பவர்கள் ஆயிரத்தால் வகுக்கிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பில், கணக்கு, பையர் அனுப்பும் பிடிஎஃப், பிரிண்டிங் டிசைன் எல்லாமே இந்த ஒரே பெட்டிக்குள். மூணாவது வருசமே சி டிரைவ் நிரம்பி, அதன் கோடு சிவப்பாகிவிட்டது.

இலவச கிளீனர் ஒன்றைப் போட்டு இரண்டு வருசம் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் 2 ஜிபி மிச்சம் என்று பெருமையாகச் சொல்லும், ஒரு வாரம் பிரவுசரில் வேலை பார்த்தால் அந்த 2 ஜிபி கேச் (பிரவுசர் தானாகச் சேர்த்துவைக்கும் தற்காலிக ஃபைல்கள்) திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். சர்வீஸ் கடைத் தம்பிதான் கேட்டான்: "ஏனுங்ண்ணா, குப்பை எங்க கிடக்குதுன்னே பார்க்காம கூட்டீட்டே இருந்தா எப்படிங்?"

இடத்தை அடைப்பது எது என்று காட்ட வின்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ், விஸ்ட்ரீ என்று நிறைய புரோகிராம் இருக்கிறதாம், அவன் போட்டுக் கொடுத்தது விஸ்ட்ரீ. எந்த ஃபோல்டர் எவ்வளவு பெரிசு என்று சில நொடியில் வரிசையாகக் காட்டிவிட்டது. பார்த்தால், பழைய போனிலிருந்து எடுத்த கல்யாண போட்டோக்கள் மூணு இடத்தில் மூணு காப்பி, 22 ஜிபி! கேன்சலான ஆர்டர்களின் டிசைன் 9 ஜிபி. கட்டிங் டேபிளுக்கு அடியில் வேஸ்ட் சேர்ந்தால் கிலோக் கணக்கில் எடைக்குப் போடத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, அங்கே திறந்து பார்த்த பிறகுதான் இங்கே அழித்தேன்.

ஒரு தப்பும் நடந்தது, முழுக்க என் தப்பு. டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒன்று இருக்கும்; அவசரத்தில் அதையும் டிக் அடித்துவிட்டேன். அது ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேராகப் போய்விடும். பையரின் டெக் பேக்கை (துணியின் அளவு, டிசைன் விவரமெல்லாம் இருக்கும் ஃபைல்), ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் மறுபடி கேட்டு வாங்கும்போது கூச்சமாக இருந்தது.

திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு லேப்டாப்பை அணைக்கும் ஹைபர்னேட்டை நிறுத்தினால் 3 ஜிபி கிடைக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், powercfg /h off என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு திறந்த கறுப்புத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) அடித்தால் வேலை முடிந்தது, உண்மைதான். ஆனால் என் பேட்டரி இருபது நிமிடம்கூடத் தாங்காது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய ஒரு நாள், பாதி அடித்த பில் அப்படியே போச்சு. அன்றைக்கே ஹைபர்னேட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டரைக் கையால் அழிக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள், விண்டோஸே படுத்துவிடும்.

எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தால் வேகமும் குறையும், அதனால் காலி இடத்தை 20 ஜிபிக்குக் கீழே விடுவதில்லை. இப்போது 34 ஜிபி காலி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, வழக்கமான பாதுகாப்பு அப்டேட் இனி வராது; இந்த பிராசசருக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. அதனால் நெட் பேங்கிங்கைப் போனுக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பைப் பில் போட மட்டும் வைத்திருக்கிறேன்.