சிக்கன் சூடு, தோனி அரை நிமிஷம் லேட்

சாப்பிடப் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். மேட்ச் பார்க்கப் போவதாக இருந்தால், படியேறும் முன் எதிரே இருக்கும் டீக்கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

திருச்சி தில்லைநகரில் ஒரு கிராஸ் ரோட்டில் இருக்கும் ஹோட்டல் இது. பெயர் வேண்டாம். ஐ.பி.எல். சீசனுக்காக மொட்டைமாடியில் வெள்ளைத்திரை கட்டி, புரொஜெக்டர் வைத்து, ஓரமாக இரண்டு பெரிய ஸ்பீக்கரும் நிறுத்தியிருக்கிறார்கள். ஆளுக்கு 250 ரூபாய் முன்னாலேயே கட்ட வேண்டும், அது சாப்பாட்டு பில்லில் கழிந்துவிடும். மகளுக்கு ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்திருந்தது, தம்பியும் ஊரிலிருந்து வந்திருந்தான். அந்த வாரக்கடைசியில் சென்னை ஆடிய இரண்டு மேட்சையும் அங்கேதான் பார்த்தோம். வெள்ளிக்கிழமை, 2025 மார்ச் 28, சேப்பாக்கத்தில் பெங்களூருவோடு. ஞாயிற்றுக்கிழமை குவாஹாட்டியில் ராஜஸ்தானோடு. இரண்டிலும் சென்னை தோற்றது ஊருக்கே தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிக்கன் 65 கலர் பொடி அள்ளிக் கொட்டாமல், கறிவேப்பிலையோடு மொறுமொறுவென்று வருகிறது. பரோட்டாவுக்கு சால்னா கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள், முகம் சுளிப்பதில்லை. 'மேட்ச் காம்போ' என்று 399 ரூபாய்க்கு ஒன்று போடுகிறார்கள், அதில் பிரியாணி சுமார்தான், தனியாக வாங்குவதே மேல். உட்கார பிளாஸ்டிக் நாற்காலி. நாலு மணி நேரத்தில் முதுகு பேச ஆரம்பித்துவிடும்.

இப்போது டீக்கடைக்கு வருகிறேன். ஹோட்டல்காரர் மேட்சை நெட்டில் ஓட்டுகிறார். எதிர் டீக்கடையில் சுவரில் ஒரு பழைய டிவி, கேபிள் கனெக்‌ஷன். நெட்டில் வரும் ஒளிபரப்பு படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் அனுப்பும், நம் பக்கம் இருக்கும் பெட்டி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓட்டும். நடுவில் நிற்காமல் ஓடுவதற்காகச் செய்வது அது. அதனால் கேபிளுக்குப் பின்னால் பல விநாடி தங்கிவிடுகிறது. அந்த மாடியில் அது அரை நிமிஷத்துக்குக் குறையாது. திரையில் பவுலர் ஓடிவரத் தொடங்கும்போது கீழே அந்தப் பந்துக்குத் தீர்ப்பே எழுதி முடித்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஆரம்பத்தில் இது விளையாட்டாகத்தான் இருந்தது. கீழே திடீரென்று விசில், ஆரவாரம். திரையில் நம்ம பவுலர் நூர் அகமது இன்னும் பந்தைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பெங்களூருவின் ஃபில் சால்ட் காலைத் தூக்கினார், தோனி ஸ்டம்பைத் தட்டினார். என் தம்பிக்கு ஒரே குஷி. "அக்கா, இது நல்லா இருக்கே, டென்ஷனே இல்ல" என்றான்.

டென்ஷன் எங்கே போகும்? பெங்களூரு கேப்டன் பட்டிதாருக்கு மூன்று கேட்ச் விட்டார்கள். மூன்றும் கீழேயிருந்து "ச்சே" என்று முதலில் காதுக்கு வந்து, அப்புறம் கண்ணுக்கு வந்தன. ஒவ்வொரு கேட்சும் இரண்டு முறை தரையில் விழுந்த கணக்கு. அந்த மனுஷன் 51 அடித்தார், கடைசி ஓவரில் டிம் டேவிட் சாம் கரனை வரிசையாகச் சிக்ஸ் தூக்கினார், பெங்களூரு 196.

பக்கத்து மேசையில் பெங்களூருவின் சிவப்பு டிஷர்ட் போட்ட நாலு காலேஜ் பையன்கள். நம் இன்னிங்ஸ் தொடங்கியதும் அவர்கள் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடை அலறியதும் திரையைப் பார்க்காமலேயே எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். ஹேசல்வுட் ஒரே ஓவரில் திரிபாதியையும் நம்ம கேப்டன் ருதுராஜையும் தூக்கியதை, திரையில் அவர் அந்தப் பந்துகளைப் போட ஓடிவரும் முன்பே நாங்கள் தெரிந்துகொண்டோம். ஒரு பையன் என் முகத்தைப் பார்த்து "ஸாரி ஆன்ட்டி" என்றான். தோற்றதைவிட அந்த ஆன்ட்டி.

50 ரன்னில் தோல்வி. சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயிப்பது 2008க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பதினேழு வருஷம் கட்டிக் காத்த கோட்டை. அதில் தோனி ஒன்பதாவது ஆளாக வருகிறார், அஷ்வினுக்கும் பின்னால்! எல்லாம் முடிந்த பிறகு 16 பந்தில் 30 அடித்து, கடைசி ஓவரில் க்ருணாலை இரண்டு சிக்ஸும் அடித்தார். மாடியே கைதட்டியது. நான் தட்டவில்லை. ஜெயிக்க வழியில்லாத இடத்தில் வரும் சிக்ஸுக்கு எதற்குக் கைதட்டுவது?

சனிக்கிழமை அகமதாபாத்தில் மும்பையும் தோற்றது, அதில் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அங்கேயும் குஜராத்துக்கு 63 அடித்தது நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன். அந்த வயிற்றெரிச்சல் தனி.

ஞாயிற்றுக்கிழமை மறுநாள் ரம்ஜான் என்பதால் கீழே பார்சலுக்கு ஒரே கூட்டம். மாடிக்கு ஒரே ஒரு சர்வர், அஸ்ஸாம் பையன். ஆர்டர் வர முக்கால் மணி நேரம் ஆனது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், பாதி நேரம் ஓடிக்கொண்டே இருந்தான். மீதி நேரம் திரையைப் பார்த்தான். "அக்கா, பராக் எங்க ஊர்" என்றான், தட்டை வைத்துவிட்டு. குவாஹாட்டிப் பையன் ரியான் பராக், சொந்த ஊர் மைதானத்தில் ராஜஸ்தானுக்கு கேப்டன். மாடி முழுக்க மஞ்சள் சட்டை, நடுவில் இவன் ஒருத்தன் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஷிவம் துபே அடித்ததை பராக் பாய்ந்து பிடித்தபோது இவன் கையில் இருந்த லெமன் ஜூஸ் பாதி தரையில். அதற்கு மட்டும் கோபம் வரவில்லை. அன்று ராத்திரி மாடியில் நான் பார்த்த ஒரே சந்தோஷ முகம் அதுதான். டிப்ஸ் கூடவே வைத்தேன்.

ராஜஸ்தானுக்கு நிதிஷ் ராணா 36 பந்தில் 81. நமக்கு 183 வேண்டும். ரச்சின் ரன் எடுக்காமல் போனார், ஹசரங்கா நாலு விக்கெட் எடுத்தார், ருதுராஜ் 63 அடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கடைசி ஓவரில் 20 ரன், எதிரே தோனி, பந்து சந்தீப் சர்மா கையில். மாடியில் எல்லோரும் நாற்காலி நுனியில். மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து "அய்யோ!"

யாரும் எதுவும் பேசவில்லை. திரையில் தோனி இன்னும் கிளவுஸைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்புறம் அவர் அடித்ததையும், ஹெட்மயர் ஓடிவந்து பிடித்ததையும், பழைய வீடியோ பார்ப்பது மாதிரி பார்த்தோம். 6 ரன்னில் தோல்வி. மேட்ச் முடிந்ததும், தோனியின் முட்டி முன்னைப் போல இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று கோச் ஃப்ளெமிங் விளக்கம் சொன்னார். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மீதிப் பத்து ஓவரை ஆட ஆள் பிடித்திருக்க வேண்டியது வீரர்கள் ஏலத்தில்தானே?

ஹோட்டலை இதற்கெல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த "அய்யோ"வை நான் 250 ரூபாய் கட்டிக் கேட்டேன், கீழே பன்னிரண்டு ரூபாய் டீ குடித்தவன் நேரிலேயே பார்த்தான். பில் கட்டும்போது ஓனரிடம், கேபிள்காரரிடம் சொல்லி மாடிக்கு ஒரு ஒயர் இழுக்கக் கூடாதா என்று கேட்டேன். "நெட்ல க்ளாரிட்டி நல்லா இருக்கும் மேடம்" என்றார். க்ளாரிட்டியில் குறையே இல்லை. ஹெட்மயரின் பல் வரை தெரிந்தது.

சாப்பாட்டுக்கு நாலு ஸ்டார், சர்வீஸுக்கு மூன்று, மேட்சுக்கு ஒன்று. அடுத்த சனிக்கிழமை டெல்லியோடு ஆட்டம் மதியம் மூன்றரைக்கு. அந்த வெயிலில் திரையில் எதுவும் தெரியாது, கீழே ஹாலில் டிவி வைக்கிறோம், வாங்க என்கிறார் ஓனர். அதுவும் நெட்தானாம். சிக்கனைப் பார்சல் வாங்கிக்கொண்டு டீக்கடையில் உட்காரலாம் என்கிறான் தம்பி. அங்கே மூன்று பேருக்கு பெஞ்ச் கிடைக்குமா என்பதுதான் பிரச்சினை.