அல்சூர் பக்கத்து ஆக்சிஜன் சேம்பர்: 18 தடவை போன பிறகு எழுதுவது

அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகச் சுகர். கால் பெருவிரல் ஓரத்தில் வந்த புண் நாலு மாதமாக ஆறவே இல்லை, விரலை எடுக்க வேண்டி வருமோ என்ற பயத்தில் இருந்தபோதுதான் சர்ஜன் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார், அதாவது மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் படுத்து, அழுத்தம் ஏற்றிய ஆக்சிஜனைச் சுவாசிப்பது. பெங்களூரில் எங்கள் அல்சூர் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் இருக்கிறது இந்த மையம். இதுவரை 18 தடவை ஆகியிருக்கிறது.

முதலில் போனது வேறோர் இடம், பெயர் வேண்டாம். உள்ளே ஃபிட்ஸ் வரலாம் என்கிறார்களே என்று கேட்டதற்கு, "வெறும் ஆக்சிஜன்தானே சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் போனைப் பார்க்கத் திரும்பிவிட்டான். இரண்டே நாள், அப்புறம் போகவில்லை.

வெறும் ஆக்சிஜன்தான், சரி. ஆனால் 2.4 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், அதாவது கடலில் 14 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில், அதைச் சுவாசிக்கும்போது அது மருந்து. அளவு மீறினால் நரம்பைத்தான் பிடிக்கும். பிரான்சின் பால் பெர்ட் என்ற விஞ்ஞானி இதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் வானம்பாடிகளை வைத்துப் பார்த்து, அவை வலிப்பு வந்து துடித்துச் செத்ததை 1878லேயே எழுதிவிட்டார். நம் மூளையில் நரம்பைக் கிளப்பிவிடும் சமிக்ஞையும் உண்டு, அடக்கி வைக்கும் சமிக்ஞையும் உண்டு. அடக்குகிற வேலையைப் பெரும்பாலும் செய்வது காபா என்ற ரசாயனம். இப்படி அழுத்தத்தில் வைத்த விலங்குகளின் மூளையில் காபா குறைந்துபோவதைக் கண்டிருக்கிறார்கள், அதைத் தயாரிக்கும் என்சைம் மந்தமாகிவிடுகிறதாம். அடக்க ஆளில்லாவிட்டால் நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் துள்ளும், அதுதான் ஃபிட்ஸ். நண்டு, இறால் வகைகளில் தசைக்கே இரண்டு நரம்பும் நேராகப் போகும், சுருங்கச் சொல்ல ஒன்று, அடக்க ஒன்று. அதனால் இந்தக் கிளப்புவதையும் அடக்குவதையும் தசையிலேயே அளந்து பார்க்க அவை வசதி. நமக்கோ தசைக்கு வருவது சுருங்கச் சொல்லும் நரம்பு மட்டும்தான், அடக்குவதெல்லாம் மூளையிலும் தண்டுவடத்திலும் முடிந்துவிடுகிறது. அங்கே பிடி தளர்ந்தால் முகத்தில் தெரியும், குறிப்பாக உதட்டில்.

இந்த மையத்தின் டெக்னீசியன் அம்மா பார்ப்பது அந்த உதட்டைத்தான். கோலார் தங்கவயல்காரர், அந்த ஊர்த் தமிழ். ஸ்டூலைக் கண்ணாடிக் குழாயின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தால் 90 நிமிஷமும் எழுந்திருப்பதில்லை. ஏழாவது நாள் அப்பாவின் கீழுதடு இடது ஓரத்தில் மீன் வாய் மாதிரி இரண்டு தடவை வெட்டியது. எனக்குக் கண்ணிலேயே படவில்லை, அவர் அதற்குள் மைக்கில், "அப்பா, காத்து மாஸ்க்கை எடுத்து மூஞ்சில வெச்சுக்கோங்க, மெதுவா மூச்சு விடுங்க" என்றார். சாதாரணக் காற்று உள்ளே போனதும் துடிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு அதோடு முடித்துவிட்டார்கள், அடுத்த நாளிலிருந்து டாக்டர் அழுத்தத்தை 2.0க்குக் குறைத்தார். துடிப்பு வராத நாளிலும் 30 நிமிஷத்துக்கு ஒரு முறை 5 நிமிஷம் காற்று உண்டு.

ஃபிட்ஸே வந்துவிட்டால் உடனே வெளியே இழுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். கூடாதாம். ஆக்சிஜனை நிறுத்திக் காற்றுக்கு மாற்றுவார்கள், ஆனால் வலிப்பில் மூச்சு அடைபட்டிருக்கும்போது அழுத்தத்தை இறக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும், அது அடங்கும்வரை காத்திருந்துதான் இறக்க வேண்டும் என்றார். இந்தப் பதிலுக்காகவே ஆட்டோ பிடித்து வரலாம்.

போகிறவர்களுக்கு: சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உள்ளே சுகர் இறங்கும், ஒவ்வொரு தடவையும் குத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். தலையில் எண்ணெய் கூடாது, பருத்தி உடை அவர்களே தருவார்கள். அழுத்தம் ஏறும்போது எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் காது வலிக்காது. ஒரு தடவைக்கு 4,000 ரூபாய், எங்களுக்குப் பெரிய தொகைதான்.

ஒரே குறை, சம்மதப் படிவம் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் மட்டும் இருக்கிறது. உதடு துடித்தால், காதில் இரைச்சல் கேட்டால், பார்வை குறுகினால் உடனே சொல்ல வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது, அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். இந்த வட்டாரத்தில் எத்தனை தமிழ் அப்பா அம்மாக்கள் வருகிறார்கள், அந்த மூன்று வரியைத் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள், வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

புண்ணின் ஓரம் ரோஸ் நிறத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் 12 தடவை பாக்கி.