மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கொடுத்ததும்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் இப்போது இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடக்கிற பிள்ளைக்காக மெடிக்கல் ஷாப்பில் "ஓஆர்எஸ் கொடுங்க" என்று கேட்டால், கைக்கு என்ன வருகிறது என்று திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கொடுத்தது, வற்றிய உடம்புக்கு நீரும் உப்பும் ஊட்டுகிற அந்த ஓஆர்எஸ்ஸே இல்லை. ஸ்ட்ரா ஒட்டி, ஆரஞ்சுப் படம் போட்ட அட்டை டப்பா.

நாங்கள் இருப்பது லண்டனில், க்ராய்டன் பகுதியில். கிறிஸ்துமஸ் லீவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். கல்யாண வீடு, கோயில், சொந்தக்காரர்கள் எல்லாம் நன்றாகவே நடந்தது. அதையெல்லாம் எழுதப் போவதில்லை. குற்றாலம் போய்வந்த மறுநாள் ராத்திரி பெரியவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். விடிவதற்குள் சின்னவனுக்கும் வந்துவிட்டது. அவளுக்கு 8 வயது, சொன்னால் கேட்பாள். மடக்கு மடக்காகக் குடித்துச் சீக்கிரமே தேறிவிட்டாள். 3 வயதுக்காரனுக்குத்தான் நிற்கவே இல்லை. டயப்பரை மறந்து வெகுநாளான பிள்ளைக்குத் திரும்பவும் டயப்பர் கட்டினோம். அருவியில் நின்றபோது தண்ணீரை விழுங்கினானா, வழியில் குடித்த ஜூஸில் போட்ட ஐஸா, யாருக்குத் தெரியும்? க்ராய்டனிலிருந்து கொண்டுபோன டயோரலைட் என்ற ஓஆர்எஸ் பாக்கெட்டுகள் அந்த ஒரு ராத்திரியிலேயே தீர்ந்துவிட்டன.

காலையில் கடை திறந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கலுக்கு ஓடினேன். கவுண்டர் முன்னால் ஒரே கூட்டம். "அண்ணே, ரெண்டு டோலோ", "தம்பி, சுகர் மாத்திரை ஒரு அட்டை" என்று ஆளாளுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான், "மூணு வயசுப் பிள்ளைக்கு வயித்தால போகுது, ஓஆர்எஸ் பாக்கெட் அஞ்சு கொடுங்க" என்றேன். கடைப் பையன் குனிந்து, ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு அட்டை டப்பாவை எடுத்து வைத்தான்.

"பவுடர் கேட்டேன் தம்பி."

"இதுதான்க்கா ஓஆர்எஸ். பவுடர பிள்ளைங்க துப்பிரும். இதுன்னா டேஸ்டா இருக்கும், குடிச்சிரும்."

சொல்லிக்கொண்டே ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டி, "போறது நிக்கிறதுக்கு இதுல பாதி குடுங்க" என்று அதையும் சேர்த்து வைத்தான். திருப்பிப் பேரைப் பார்த்தேன். லோபெரமைடு. குடலின் அசைவைக் கட்டிப்போடுகிற மருந்து அது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் குடல் இயக்கமே நின்று வயிறு ஊதிப்போகும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இங்கிலாந்தில் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு என்று சொன்னால், டாக்டர் எழுதித் தராமல் எந்தக் கடையிலும் தரமாட்டார்கள். 3 வயது என்று நான் சொன்னது அவன் காதில் விழாமல் இல்லை. விழுந்ததால்தான் பாதி என்றான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராமுக்கு மேல் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அசல் ஓஆர்எஸ்ஸில் எவ்வளவு தெரியுமா? உலக சுகாதார நிறுவனம் 2002ல் திருத்திக் கொடுத்த அளவுப்படி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். அதாவது குளுக்கோஸ் 100 மில்லிக்கு ஒன்றரை கிராம்கூட வராது. சிறுகுடலின் சுவரைத் தாண்டி சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்துதான் உள்ளே போகும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். அதற்கு இரண்டும் அளவாக இருக்க வேண்டும். சர்க்கரை ஏழு மடங்குக்கு மேல் போனால் கதை தலைகீழ். உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரும் குடலுக்குள் இறங்கி, பேதி இன்னும் கூடும். தாகத்தில் தவிக்கிற பிள்ளை இனிப்பை ஆசையாகக் குடிக்கத்தான் செய்யும். அம்மாவும் "நல்லாக் குடிக்கிறானே" என்று அடுத்த டப்பாவை உடைப்பாள்.

இது என் ஒருத்தியின் அனுபவம் இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகவே வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. என் கையில் இருந்த டப்பாவில் அந்தப் பெயர் இல்லைதான். ஆனால் கடையில் அதை எடுத்துக் கொடுக்கிறவருக்கு இது எட்டவே இல்லை. கேட்டால் கை பழக்கத்தில் ஃப்ரிட்ஜுக்குத்தான் போகிறது.

அதே கடைத்தெருவில், நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மருந்துக் கடை வைத்திருந்தார். வயிற்றுவலி என்று போய் நின்றால் உடனே எதையும் எடுத்துத் தரமாட்டார். எத்தனை தடவை போச்சு, ஒண்ணுக்குப் போனாளா, நாக்கை நீட்டு பார்ப்போம் என்பார். பாக்கெட்டைக் கொடுக்கும்போது, "முழுசையும் ஒரு லிட்டர் தண்ணியில போடணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா கலக்கப்படாது" என்று விரலை ஆட்டிச் சொல்வார். க்ராய்டனில் இன்றைக்கும் பார்மசிஸ்ட் அப்படித்தான் வயது, எடை, வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் பையில் போடுகிறார். அங்கே போன புதிதில் எனக்கு அது எங்கள் ஊர்ப் பெரியவரைத்தான் ஞாபகப்படுத்தியது. ஊரிலோ அந்தக் கேள்வி காணாமல் போய்விட்டது. மருந்துச் சீட்டுக்கு மருந்து எடுத்துத் தருகிறவர் பதிவு பெற்ற பார்மசிஸ்டாக இருக்க வேண்டும் என்று 1948லேயே சட்டம் வந்துவிட்டது. சான்றிதழ் சுவரில் ஃப்ரேம் போட்டுத் தொங்குகிறது. அந்த ஆள் கடையில் இருப்பதில்லை.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், இந்த ஓஆர்எஸ்ஸின் அருமையை உலகத்துக்குக் காட்டியதே நம் நாடு என்பது. 1971ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். பன்காவ்ன் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து டிரம்மில் நிரப்பி, கூட இருக்கிற உறவுக்காரர்களே நோயாளிக்குக் கொடுக்கட்டும் என்று விட்டார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அது நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022ல் இறந்து, அடுத்த வருஷம்தான் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 20 ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கிற அந்தப் பாக்கெட் கடையின் மேல் தட்டில் தூசி படிந்து கிடக்கிறது. கண்ணெதிரே ஃப்ரிட்ஜில் இருப்பது சர்க்கரைத் தண்ணீர்.

டப்பாவையும் மாத்திரையையும் அங்கேயே வைத்துவிட்டுப் பவுடர் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே வேறு பஞ்சாயத்து. "ஏட்டி, தண்ணியக் குடுக்காத. குடுக்கக் குடுக்கப் போகும்" என்றாள் ஆச்சி. பக்கத்து வீட்டு மதினி, தொண்டையில் என்னவோ சிக்கியிருக்கு, தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஆள் கூட்டிவரக் கிளம்பினார். மாமா டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பார்க்காமலேயே, "ரெண்டு பாட்டில் ஏத்திருவோம், ஒரு நாள் அட்மிட் பண்ணுங்க" என்றார்களாம். எல்லாரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள் அவன் அழும்போது கண்ணில் தண்ணீர் வருவது நின்றுபோயிருந்தது. டயப்பர் வெகுநேரமாக மூத்திரம் இல்லாமல் இருந்தது. அப்போதுதான் அம்மா, "கெவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கே போவோம்" என்றாள்.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் போய்ப் பல வருஷம் ஆகிறது. என் மனசில் இருந்தது கறை படிந்த சுவரும் டெட்டால் வாடையும்தான். இப்போது தரை டைல்ஸ், சுவரில் தடுப்பூசி அட்டவணை. ஒரு ஓரத்தில் மேஜை போட்டு ஓஆர்எஸ் பாக்கெட்டுகளும் மூடிபோட்ட ஜக்கும் டம்ளர்களும் வைத்திருந்தார்கள். காசு என்ற பேச்சே இல்லை.

நர்ஸுக்கு என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். முதலில் எடை பார்த்தார், 14 கிலோ. சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். சட்டென்று படிய வேண்டிய தோல் மெதுவாகப் படிந்தது. "பாத்தீங்களாக்கா? கொஞ்சம் வத்திருச்சு. ரொம்ப இல்ல, பயப்படாதீங்க" என்றார். உள்ளே இருந்த லேடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, மலத்தில் ரத்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், ஆன்டிபயாடிக் வேண்டாம், வாய்வழியாக இறங்குகிறவரைக்கும் டிரிப்ஸும் வேண்டாம் என்றார். ரோட்டா சொட்டு மருந்து போட்டாச்சா என்றும் கேட்டார். போட்டிருக்கிறது என்றேன், இங்கிலாந்தில் 2013லிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

அப்புறம் நர்ஸ் கணக்குப் போட்டார். கிலோவுக்கு 75 மில்லி, 14 கிலோவுக்கு ஒரு லிட்டர் சொச்சம், 4 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். பாக்கெட்டின் ஓரத்தைக் கத்தரித்து, ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கொட்டிக் கலக்கினார். என் கையில் ஒரு டீஸ்பூனைக் கொடுத்துச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். அவன் டம்ளரப் பிடுங்குவான், குடுக்காதீங்க, மொத்தமாக் குடிச்சா வாந்தி எடுப்பான். எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பிங்க." நான் கணக்குப் பார்த்தேன். 5 மில்லி ஸ்பூன், மணிக்கு 60 ஸ்பூன், 300 மில்லி. 4 மணி நேரத்தில் சரியாக வந்துவிடும்.

ஒரு முறை எல்லாவற்றையும் என் சேலையில் கக்கினான். நான் நர்ஸைப் பார்த்தேன். அவர் வந்து சேலையைத் துடைத்துவிட்டு, "கக்குனது போக உள்ள நிக்கும்க்கா, நிறுத்தாதீங்க" என்றார். நானும் அம்மாவும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். மத்தியானம் தாண்டி டயப்பர் நனைந்தது. மூத்திரம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நர்ஸ் வந்து மறுபடி வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். தோல் உடனே படிந்தது.

கிளம்பும்போது நாலு பாக்கெட்டும், தண்ணீரில் கரைகிற 20 மில்லிகிராம் சிங்க் (துத்தநாக) மாத்திரையும் கொடுத்தார். வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாள் விடாமல் கொடுக்க வேண்டும், அடுத்த இரண்டு மூன்று மாசத்துக்குத் திரும்ப வராமல் அது காக்கும் என்றார். ஒவ்வொரு தடவை போனதும் 100லிருந்து 200 மில்லி, கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும், சோறும் தயிரும் வழக்கம்போலக் கொடுக்கலாம். ரத்தம் கலந்து போனாலோ, எழுப்பினாலும் எழும்பாமல் துவண்டு கிடந்தாலோ, குடித்ததெல்லாம் வெளியே வந்தாலோ உடனே கூட்டிவர வேண்டும், ராத்திரி என்றால் 108ஐக் கூப்பிட வேண்டும். வாசலில் செருப்பைப் போடும்போதுகூட வந்து இதையெல்லாம் திருப்பி ஒப்பிக்கச் சொன்னார்.

க்ராய்டனில் இருந்திருந்தால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட்டிருப்பேன். பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருந்து, வரிசையாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கடைசியில் "நீர் ஆகாரம் கொடுங்கள், மோசமானால் திரும்பக் கூப்பிடுங்கள்" என்று வைத்திருப்பார்கள். சொல்வது சரியான வைத்தியம்தான். ஆனால் ஸ்பூனைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று, கக்கியதைத் துடைத்துவிட அங்கே ஆள் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு பக்கம் ரத்தம் கொதித்தது. அதே ஊரில் அதே நாளில் இப்படி ஒரு கவனிப்பு. இரண்டும் எப்படி ஒரே தெருவில் இருக்கின்றன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

க்ராய்டன் திரும்பி வந்ததும் எங்கள் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் காட்டி மலப் பரிசோதனை கொடுத்தோம், எதுவும் இல்லை. கடைசியாக வயிற்றால் போனதிலிருந்து 48 மணி நேரம் கழித்துத்தான் நர்சரியில் சேர்ப்பார்கள், அதுவும் முடிந்தது. சிங்க் மாத்திரையை மட்டும் இங்கே வந்தும் தினமும் கரைத்துக் கொடுத்தேன்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த மெடிக்கல் கடைக்குப் போய் முதலாளியைப் பார்த்தேன். உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். "சனங்க அதத்தான் கேக்காங்கம்மா" என்றார். சனங்களுக்கு அதைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. 3 வயதுப் பிள்ளைக்குச் சீட்டு இல்லாமல் லோபெரமைடு கொடுத்ததைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், டப்பாவை ஓஆர்எஸ் என்று சொல்லி விற்பதைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தேதி போட்டுப் புகார் எழுதி அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. வந்தால் அதையும் எழுதுகிறேன்.