டர்பன் ஜேக்கப்ஸ் பட்டறையில் செய்த பிளஸ் மேஸ்: எங்கள் ஆய்வகத்தின் அனுபவம்

பதற்றத்துக்கான மருந்துகளை எலிகளில் சோதிக்கும் ஆய்வகங்களில் பிளஸ் மேஸ் இல்லாத இடம் அரிது. கூட்டல் குறி வடிவில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நிற்கும் மேடை அது. நான்கு கைகளில் எதிரெதிரான இரண்டுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டு வெட்டவெளி. புது இடத்தை மோந்து பார்க்கும் ஆசையும் எலிக்கு இருக்கும், உயரத்தில் மறைவில்லாமல் நிற்கும் பயமும் இருக்கும். நடுவில் விட்டு ஐந்து நிமிடம் பார்ப்போம். பதற்றம் தணிந்த எலி வெட்டவெளிக் கையில் கூடுதல் நேரம் இருக்கும். பெல்லோ, ஃபைல் முதலானோர் 1985-இல் எலிகளில் இதைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். லிஸ்டர் 1987-இல் சுண்டெலிகளுக்கும் செய்து காட்டினார்.

எங்கள் பழைய மேடை மரத்தில் செய்தது. பெயின்ட் உரிந்து, மூத்திரம் ஊறி, எவ்வளவு கழுவினாலும் முந்தைய எலியின் வாடை போகாது. வெளிநாட்டிலிருந்து வாங்கலாம் என்றால் நம் தென்னாப்பிரிக்க ரேண்ட் இருக்கிற நிலையில் அந்த விலை கட்டுப்படியாகாது. டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு தமிழ் அண்ணன் பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு) பட்டறை வைத்திருக்கிறார். கடைப் பெயர்ப்பலகை, கோயில்களுக்குக் கண்ணாடி போன்ற உண்டியல், இதுதான் அவருடைய அன்றாட வேலை. அவரிடம் ஆர்டர் கொடுத்தோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே தேவையோடு இந்த நாட்டில் வேறு ஆய்வகங்களும் இருக்கும்.

ஒரு மருந்தை மட்டும் சோதிக்கும்போது மேடை சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம். பதற்றம் தணிக்கும் டயஸிபாமை எலியின் எடையில் கிலோவுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் கொடுத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சோதிப்பது வேறு வேலை. அங்கே தனித்தனியாகக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் செய்யாத சின்ன அளவுகளைத்தான் வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறோம். மருந்தில்லாத திரவம், முதல் மருந்து, இரண்டாவது மருந்து, இரண்டும் சேர்ந்தது என்று குறைந்தது நான்கு கூட்டம் எலிகள் வேண்டும். சேர்க்கை வெறும் கூட்டலா, அதற்கும் மேலா என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு மருந்துக்கும் பல அளவுகளில் வரைபடம் போட வேண்டும், எலிகள் இன்னும் கூடும். தேடுகிற வித்தியாசமோ சிறியது. மேடை ஆடினாலோ, ஒரு கையில் மட்டும் வெளிச்சம் கூடினாலோ அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

அதோடு ஒரு எலியை இந்த மேடையில் ஒரு தடவைதான் நம்பிப் பயன்படுத்த முடியும். மருந்து இல்லாமலே ஒருமுறை ஏறிப் பார்த்த எலிக்கு அடுத்த முறை டயஸிபாம் கொடுத்தால் அது வேலை செய்வதில்லை என்பது ஃபைல் குழுவினரின் ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். ஆகவே கருவியின் கோளாறால் ஒரு நாள் சோதனை கெட்டால் அந்த எலிகளின் உயிர் வீண். நல்ல மேடை வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான். எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் 1959-இல் சொன்னார்கள். எங்கள் நெறிமுறைக் குழுவும் விண்ணப்பத்தில் ஒவ்வொரு எலிக்கும் காரணம் கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். கைகள் 50 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், சுவர் 40 உயரம் என்று படம் வரைந்து கொண்டுபோனேன். அண்ணன் முதலில் கேட்டது, "எதை வைத்துக் கழுவுவீங்க மா?" 70 சதவீத ஆல்கஹால் என்றேன். உடனே தலையை ஆட்டினார். லேசரில் வெட்டிய பெர்ஸ்பெக்ஸ் ஓரத்தில் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடும், அதில் ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும், அந்த விரிசலில் அழுக்கு ஏறினால் எடுக்கவே முடியாது என்று விளக்கினார். அதனால் லேசர் வேண்டாம், ரவுட்டரில் (சுழலும் வெட்டுக்கருவி) வெட்டி, வெட்டிய துண்டுகளைச் சூளையில் 80 டிகிரி அளவில் வைத்து மெதுவாக ஆறவிடுகிறேன் என்றார். நாங்களும் ஆல்கஹாலைக் குறைத்து, மென்மையான சோப்புத் தண்ணீருக்கு மாறினோம். ஓரங்கள் இன்றுவரை தெளிவாக இருக்கின்றன. எலி ஆய்வோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் இதைச் சொன்னது எனக்குப் பெரிய உதவி.

நிறம் கறுப்பு, எங்கள் எலிகள் வெள்ளை. மேலிருந்து கேமரா பிடித்து, கணினி எலியின் நகர்வைக் கணக்கெடுக்கிறது. பளபளப்பான சுவரில் எலியின் பிம்பம் விழுந்தால் மென்பொருள் இரண்டு எலி என்று எண்ணிவிடும். அதனால் உள்பக்கத்தையும் தரையையும் மணல்தாள் போட்டு மங்கலாக்கித் தந்தார். எலி வழுக்காமல் நடக்கவும் அது நல்லது.

இரண்டு குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, வெட்டவெளிக் கைகளின் ஓரத்தில் நாங்கள் கேட்காமலே சின்ன விளிம்பு வைத்துவிட்டார், எலி விழுந்துவிடக் கூடாது என்ற கரிசனத்தில். விளிம்பு இருந்தால் எலி தைரியமாக வெளியே போகும் என்பது 1996-லேயே சோதித்துப் பார்த்த விஷயம். மருந்தில்லாத எலியே நிறைய நேரம் வெளியே நின்றால், மருந்துச் சேர்க்கையின் பலன் மேலே ஏற இடமிருக்காது. கழற்றித் தரச் சொன்னோம், செலவு கேட்காமல் கழற்றினார். விழும் எலிக்காகக் கீழே மெத்தை போட்டிருக்கிறோம். இரண்டாவது, ஒட்டிய பசையின் வாடை. எலியின் மூக்குக்கு அது எப்படி இருந்திருக்குமோ, எனக்கே தலை வலித்தது. மேடையைக் காற்றோட்டமான அறையில் வாரக்கணக்கில் வைத்த பிறகுதான் முதல் எலியை ஏற்றினோம். வாங்குபவர்கள் அந்தக் காலத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுச் சதுரத்தில் கைகள் சேரும் இடம் அருமை. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி செதுக்கியிருக்கிறார், இடுக்கே இல்லை, மூத்திரம் தங்குவதில்லை. கால்கள் திருகில் கழலும். கரன்ட் போகும் நாட்களுக்கு கேமராவையும் விளக்கையும் பேட்டரியில் இணைத்துவிட்டோம், அது மேடையின் பொறுப்பு இல்லை.

இந்த மேடையில் முதல் தடவை சேர்க்கை மருந்து போட்டபோது நான் கவனித்தது மூடிய கைகளுக்குள் எலி எத்தனை முறை நுழைகிறது என்பதை. டயஸிபாமும், மருந்தாகக் கொடுக்கும் ஆல்கஹாலும் மூளையில் நரம்புகளை அடக்கும் ஒரே காபா-ஏ ஏற்பியின் வேலையைத்தான் கூட்டுகின்றன. சேர்ந்தால் பதற்றம் குறைகிறதா, தூக்கக் கலக்கம் வந்துவிட்டதா என்று பிரித்தறிய அந்த நுழைவு எண்ணிக்கைதான் துணை. அது சரிந்தால், வெளியே நிற்கும் நேரத்தை நம்பக் கூடாது. தரை வழுக்காததால், எலி நகராமல் இருந்தால் அது மருந்தினால்தான் என்று இப்போது தயங்காமல் சொல்ல முடிகிறது. மர மேடையில் அந்த நம்பிக்கை எனக்கு இருந்ததில்லை.

மேடையால் சொல்ல முடியாததும் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின் மாதிரி மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகும், முதல் நாட்களில் பதற்றத்தைக் கூட்டவும் கூடும். அதனால்தான் மருத்துவர்கள் சில நோயாளிகளுக்குத் தொடக்கத்தில் கொஞ்ச காலம் டயஸிபாம் வகை மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். அப்புறம், ஃப்ளூவாக்ஸெட்டின் கல்லீரலில் டயஸிபாம் சிதைவதைத் தடுப்பதால் ரத்தத்தில் டயஸிபாம் கூடுகிறது. எலி அமைதியானால் அது மூளையில் நடந்த கூட்டா, ரத்தத்தில் அளவு ஏறியதா என்று ஐந்து நிமிட ஓட்டம் காட்டாது, ரத்தம் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து மேடை வாங்கினாலும் இதில் மாற்றமில்லை.

எனக்கு முழுத் திருப்தி. ஆர்டர் கொடுப்பவர்கள் விளிம்பு வேண்டாம் என்று படத்திலேயே எழுதிக் கொடுங்கள், கழுவும் திரவத்தின் பெயரையும் சொல்லிவிடுங்கள். சுண்டெலிக்கு என்றால் இதே அளவைக் கொடுக்காதீர்கள், கைகள் சிறியதாக, வழக்கமாக 30-க்கு 5 சென்டிமீட்டர் அளவில் வேண்டும். தைப்பூசக் காவடி நேரத்தில் அண்ணன் பட்டறையைப் பூட்டிவிடுவார், அதற்கு முன்பே பேசி வைப்பது நல்லது.