கொழும்பில் ஆக்‌ஷன் ஃபிகர் (மூட்டு அசையும் ஹீரோ பொம்மை) வாங்குபவர்கள் கவனம்: 28,500 ரூபாவுக்கு எனக்குக் கிடைத்த போலி ஸ்பைடர்மான்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 28,500 ரூபா. சம்பளக் காசு. சமூக வலைத்தளத்தில் படம் போட்டு, மெசேஜில் ஓர்டர் எடுக்கும் கலெக்டிபிள் கடை ஒன்றில் விட்டேன். பெயர் போடவில்லை, வழக்கு கிழக்கு என்று இழுபட எனக்கு நேரமில்லை. இந்தப் பக்கம் புழங்குபவர்களுக்கு எந்த மாதிரிக் கடை என்று விளங்கும்.

கேட்டது ஜப்பானின் பண்டாய் கம்பனி எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் என்ற பொம்மை வரிசையில் விட்ட ஸ்பைடர்மான். உயரம் சுமார் 15 சென்ரிமீற்றர். "ஒரு பொம்மைக்கு இவ்வளவா?" என்று என் அம்மாவே கேட்டார். வெளியிலிருந்து நேரடியாக எடுத்தால் கப்பல் கூலி, சுங்க வரி என்று அதுவும் ஏறும், அதனால்தான் இங்கேயே வாங்க நினைத்தேன். இதில் காசு முகத்துக்கு மட்டும் இல்லை, மூட்டுக்குத்தான். கொமிக் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ 1962இல் வரைந்த அந்த ஆள் சுவரில் ஒட்டுவான், குந்துவான், ஒற்றைக் கையில் தொங்குவான். வேறு ஹீரோ நெஞ்சை நிமிர்த்தி நின்றாலே அலுமாரிக்கு அழகு. இவனை எடுத்தால் முழங்கால் நெஞ்சுவரை வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். அதற்கு முழங்காலிலும் முழங்கையிலும் இரட்டை மூட்டு வேண்டும், தோள் நெஞ்சுக்கு முன்னால் மடிய வேண்டும். பாதம் பக்கவாட்டில் சரிய வேண்டும். இல்லாவிட்டால் காலை அகட்டியவுடன் உள்ளங்கால் தரையில் படாது, ஆள் விழுந்துவிடுவான். இத்தனை மூட்டையும் வைத்த பிறகும் உடம்பின் கோடு கெடாமல் இருக்கிறதா, அதுதான் டிசைன். மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் கடைப் பெடியன் என்னை விழுத்தியதும் இங்கேதான். நான் கேட்காமலே வீடியோ கோல் எடுத்தான். "என்ன போஸ் வேணும் அண்ணா, சொல்லுங்கோ, வைச்சுக் காட்டுறன்" என்றான். குந்த வைத்து ஒரு கையைத் தரையில் ஊன்றச் சொன்னேன். அரை நிமிடம் எடுக்கவில்லை. தன் கையை விலக்கினான், பொம்மை அசையவில்லை. பிறகு கமராவைக் கிட்டக் கொண்டுபோய், முகமூடியின் வலைக் கோடுகள் இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரே இடத்தில் வந்து கூடுவதைக் காட்டினான். "போலியில இந்த இடம்தான் அண்ணா பிழைக்கும், வடிவாப் பாருங்கோ." போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கே பாடம் எடுத்தான்! அந்த ஒரு வசனத்தில் மனம் இளகி 28,500 ரூபாவையும் அன்றைக்கே கணக்குக்கு அனுப்பினேன்.

கூரியரில் வந்த பெட்டியைத் திறந்ததும் பெயின்ட் மணம் அடித்தது. அவன் காட்டிய அதே இடத்தில் கோடுகள் கூடவில்லை, ஒரு கோடு இடது கண்ணுக்குள் ஏறியிருந்தது. முழங்கால் ஒரு நீலம், அதில் இருந்த மூட்டு ஆணி வேறு நீலம். குந்த வைத்தேன். முழங்கால் பாதி மடிந்து நின்றுவிட்டது. இடுப்போ முறிந்த குடைக்கம்பி மாதிரி ஆடியது. பெட்டியில் தனியாக வந்த வலை எறியும் கையை மாட்டலாம் என்று மணிக்கட்டை மெதுவாகத்தான் இழுத்தேன், முளை முறிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. வீடியோவில் வந்தது ஒன்று, வீட்டுக்கு வந்தது வேறொன்று.

மெசேஜ் போட்டேன். "ஹெயார் ட்ரையர் பிடியுங்கோ அண்ணா, புதுசில இறுக்கமாத்தான் இருக்கும்." இறுகிய மூட்டுக்கு அது சரியான வைத்தியம்தான், சூட்டில் பிளாஸ்டிக் இளகும், நானும் செய்வதுண்டு. என் பிரச்சினை ஆடுகிற இடுப்பு, தம்பி! போட்டோ அனுப்பினேன். "இந்த பட்ச் அப்படித்தான்." பிறகு, "பொஸ் சிங்கப்பூர் போயிட்டார்." அதற்கும் பிறகு, "பெட்டி திறந்தா ரிட்டேர்ன் இல்லை, பேஜில போட்டிருக்கு." திறக்காமல் இடுப்பு ஆடுவதை எப்படிப் பார்ப்பது, பெட்டியோடு குலுக்கியா? அதற்குப் பதில் இல்லை, நீல டிக் மட்டும். கடைசியில் பிளொக். நேரில் பிடிக்கலாம் என்று போனால், பேஜில் இருந்த பம்பலப்பிட்டி விலாசத்தில் ஒரு தையல் கடை. அங்கிருந்த அக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல், "உங்களுக்கு முதலும் ஆக்கள் வந்து கேட்டவை" என்றார்.

மச்சான் தன் போனிலிருந்து விலை கேட்டுப் பார்த்தார். உடனே பதில்: "இருக்கு அண்ணா, 28,500. வீடியோ கோல் எடுக்கவா?"

சரி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முழுக் காசையும் முதலே அனுப்பாதீர்கள். முடிந்தால் நேரில் வாங்கி, விற்பவன் முன்னாலேயே திறந்து குந்த வையுங்கள். கூரியர் என்றால் பெட்டியை வெட்டுவதிலிருந்தே வீடியோ எடுங்கள். பில் கேளுங்கள், எனக்குப் பில்லுக்குப் பதில் கும்பிடும் கை ஸ்டிக்கர்தான் வந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கப் போகிறேன். கையில் இருப்பது காசு போட்ட ஸ்லிப்பும் அந்த மெசேஜ்களும்தான். இதே வீடியோ கோலில் காசு விட்டவர்கள் இருந்தால், ஸ்லிப்பைத் தொலைக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம்.