வாசலில் சோதனையா, வகுப்பில் பேச்சா?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவின் தற்கொலைக் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்து நாள் கழித்து சாய்ந்தமருதில் அதே குழுவினர் இருந்த வீட்டைப் படையினர் சுற்றி வளைத்தபோது, உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். அதன்பின் பாடசாலை திறந்தபோது முதலில் வந்தது பை சோதனை.

அதில் பயன் இல்லாமலில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் தாய்க்கு நெஞ்சு ஆறும். "மகள், சோத்துப் பெட்டியத் திறங்க" என்று வாசலில் நின்றவர்களும் அம்மாமார்தான். மூடியைத் தூக்கினால் பிட்டும் மீன் குழம்பும். ஆனால் பர்தா போட்ட பிள்ளையின் பையை மட்டும் கூடநேரம் கிளறியதையும் பார்த்தேன். அந்தப் பிள்ளை நிமிரவேயில்லை.

நடந்ததைப் பற்றி வகுப்பில் பிள்ளைகளோடு பேசுவது மெதுவான வேலை, வாத்திமாருக்கும் பயம். அதைவிடப் பெரிய சிக்கல், யாரோடு பேசுவது? தமிழர் ஊரான ஆரையம்பதிக்கும் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் இடையில் வேலிகூட இல்லை, ஆனால் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில். பலர் மற்றச் சமூகத்துப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருப்பது வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போன பிறகுதான். இருபது வயதில் தொடங்கும் பேச்சு!

முதல் மாதத்துக்குச் சோதனை சரி. அதற்குப் பிறகும் ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால், நான் பேச்சின் பக்கம்.